தோகையும் துக்கியும்

வன்னிப் பெருநிலத்தின் கீழைக் கரையிலே, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த ஊர்களுள் ஒன்று முள்ளிவாய்க்கால். அவ்வூர்ப் பக்கங்களில் மயில் ஓர் அரிய பறவை அன்று. மாரி ஓய்ந்து வெயில் ஏறும் வேளைகளில், முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்குச் செல்லும் தெருவின் இரு மருங்கும் அது கூட்டங் கூட்டமாக மேய்ந்து திரியும். கமக்காரர் அதனைப் போற்றுகின்றனர் என்று கூறுதற்கில்லை. விதைத்த கச்சானையும் பயற்றையும் கிளறித் தின்னும் பறவையை எவர் போற்றுவார்? முருகன் ஊர்தி என்பதனால் வெருட்டிவிடுவதோடு நின்றுவிடுவர். சிறுவர்க்கோ அஃது உதிர்த்துச் செல்லும் பீலி ஒரு பெருஞ்செல்வம். புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வைத்தால் அது குட்டி போடும் என்னும் நம்பிக்கை எத்தனை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாங்குகளில் வழங்கி வருகின்றதோ, அறியோம்.

அப்பீலித் தொகுதிக்குத் தமிழர் இட்ட பெயர் தோகை. பீலியின் பெயரே பறவைக்கும் ஆகி, தோகை என்ற அளவில் மயிலையே குறிப்பதும் பழந்தமிழ் வழக்கு. குறுந்தொகையின் 26ஆம் பாட்டு, வேங்கை மரத்தின் உயர்ந்த கொம்பில் இருந்த மயிலைத் தோகை என்றே சொல்லி, பூக்கொய்யும் மகளிர்க்கு அதனை உவமிக்கின்றது. இத்தகைய சொல்லொன்று கடல் கடந்து, பாலைவனம் கடந்து, யூதருடைய திருமறையில் எபிரேய எழுத்திலே பொறிக்கப்பட்டிருக்கின்றது என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அறிஞர் பலர் கூறிவரும் செய்தி. தமிழ் விழா மேடைகளில் இச்செய்தி ஐயத்துக்கே இடமில்லாததுபோல முழங்கப்படுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் கொடுக்குமுன், அது எந்த அளவுக்கு உறுதி உடையது என்று ஆராய்ந்து அறிதல் பெரியோர் கடன். ஏனெனில், அது மெய்யாயின், எழுத்தில் ஏறிய திராவிடச் சொற்கள் அனைத்துள்ளும் முற்பட்டது அதுவே ஆகலாம்.

அச்சொல் எபிரேயத்தில் துக்கியீம் என்று நிற்கின்றது. ஈம் என்பது அம்மொழியில் ஆண்பாற் பன்மை விகுதி. அதனைக் களைந்தால் எஞ்சுவது துக்கி. யூதத் திருமறை முழுவதிலும் அது வருவது ஈரிடங்களிலேதான். இராஜாக்களின் முதலாம் புத்தகம் 10ஆம் அதிகாரம் 22ஆம் வசனம் ஒன்று. அதே செய்தியைத் திரும்பக் கூறும் நாளாகமத்தின் இரண்டாம் புத்தகம் 9ஆம் அதிகாரம் 21ஆம் வசனம் மற்றொன்று. சாலொமோன் மன்னனின் கப்பல்கள் தீரு நாட்டு மன்னன் ஈராமின் கப்பல்களோடு சென்று, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டு வந்து, பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, துக்கி ஆகியவற்றைக் கொணர்ந்து இறக்கின என்பது அங்கே கூறப்படும் செய்தி. சாலொமோன் கி.மு. 10ஆம் நூற்றாண்டினன் என்பர். இராஜாக்களின் புத்தகம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது கி.மு. 6ஆம் நூற்றாண்டு அளவில். நாளாகமம் அதற்கும் பிந்தியது.

பண்டை எபிரேயர் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதினர். உயிரொலியைப் படிப்போன் தானே கூட்டிக்கொள்ளல் வேண்டும். ஆகவே இராஜாக்களின் புத்தகத்தில் அச்சொல் தகரம், ககரம், இரண்டு யகரம், மகரம் என்னும் ஐந்து மெய்யாக மட்டுமே காணப்படுகின்றது. துகரமா தோகாரமா என்பதை அவ்வெழுத்து அறிவிக்கமாட்டாது. நாளாகமத்திலோ தகரத்தை அடுத்து வாவ் என்னும் எழுத்து ஒன்று கூடுதலாக நிற்கின்றது. உகர ஒகர ஒலிகளைக் குறிப்பதற்கு எபிரேயர் துணையாகக் கொள்ளும் எழுத்து அது. இதழ் குவிந்த ஓர் உயிரே அவ்விடத்தில் ஒலித்தது என்பதற்கு அந்த ஒற்றை எழுத்து சான்று. இன்று படிக்கப்படும் துக்கி என்னும் உச்சரிப்பைப் புள்ளிகளால் வரையறுத்தவர் மசோரேத்தர் எனப்படும் யூத மறைக் காவலர்கள். அவர் காலம் ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை. எழுத்துகளை எண்ணி எண்ணிப் படியெடுத்த அம்மரபினர், ஒரே சொல் ஒரு புத்தகத்தில் வாவ் இன்றியும் மற்றொன்றில் வாவ் பெற்றும் இருப்பதைக் கண்டும் ஒன்றுபடுத்த முனைந்திலர். கண்டதைக் கண்டவாறே எழுதினர். அவ்வடக்கம் இல்லையேல் இந்த ஆராய்ச்சிக்கே இடமிருந்திராது.

அவர்கள் காத்த சொல்லின் பொருளை முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனரோ என்றால், அதுதான் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் எகிப்திலே யூத மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், இராஜாக்களின் புத்தகத்தில் இவ்விடத்துக்கு வந்தபொழுது தந்தமும் குரங்கும் துக்கியும் இருக்க வேண்டிய வரிசையில் செதுக்கிய கற்களை வைத்தனர். நாளாகமத்தைப் பெயர்த்தவர் தந்தத்தையும் குரங்கையும் மட்டும் எழுதித் துக்கியை விட்டுவிட்டார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் யூதர் வரலாற்றை எழுதிய யோசேப்பு என்னும் ஆசிரியர், அக்கப்பல்கள் எத்தியோப்பிய மனிதரையும் குரங்குகளையும் கொணர்ந்தன என்றார். மயில் அவரிடத்தில் மனிதராயிற்று! அரமேயத்தில் பெயர்த்த யூத ஆசிரியரும், இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் அடிகளும் மயில் என்றே கொண்டனர். இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவும் இவ்விருவர் வழியே செல்கின்றன.

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியிலிருந்து தொண்டாற்றிய கால்டுவெல் பாதிரியார், 1856ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பின்னர் 1875ஆம் ஆண்டில் விரிவாக்கிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துக்கி என்பது தமிழ் மலையாளத் தோகையே என்று எடுத்துரைத்தார். திராவிடச் சொற்களுள் எழுத்தில் காணப்படும் மிகப் பழையது அதுவாதல் கூடும் என்னும் கருத்தைப் பரப்பியவரும் அவரே. 1861ஆம் ஆண்டில் இலண்டனில் மொழிநூல் குறித்துச் சொற்பொழிவாற்றிய மாக்ஸ் முல்லரும் இதனை ஏற்றுப் பேசினார்.

இலங்கையிலோ இச்செய்தி வேறொரு வடிவம் பெற்றது. 1845 முதல் இத்தீவில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில், சாலொமோனின் கப்பல்கள் வந்தடைந்த தர்ஷீஸ் என்னும் துறை காலித் துறைமுகமே என்று வாதிட்டார். துக்கி தமிழ்த் தோகை, குரங்கின் பெயர் கபி, தந்தத்தின் பெயரில் உள்ளது இபம் என்று சொற்களைச் சான்றாக அடுக்கினார். ஒரு தீவின் கரையிலே சாலொமோன் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது என்பதை விரும்பாதார் யார்? சிங்களரும் தமிழரும் ஒருங்கே மகிழ்ந்து கேட்ட கூற்றுகள் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

ஆயினும் அதன் அடித்தளம் உறுதியானது அன்று. இராஜாக்களின் புத்தகம் தர்ஷீஸ் கப்பல் என்று கூறுகின்றது. தர்ஷீசுக்குச் செல்லும் கப்பல் என்று மாற்றியது நாளாகமம். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை மற்றோரிடம் விளக்கிவிடுகின்றது. யோசபாத் என்னும் மன்னன் பொன்னுக்காக ஓப்பீருக்குச் செல்லும்படி தர்ஷீஸ் கப்பல்களைச் செய்தான் என்றும், அவை செங்கடலின் வடமுனையில் உள்ள எசியோன் கேபேரிலே உடைந்தன என்றும் இராஜாக்களின் புத்தகம் உரைக்கின்றது. கப்பல் தர்ஷீஸ், செல்லுமிடம் ஓப்பீர். தர்ஷீஸ் கப்பல் என்பது நெடுங்கடல் ஓடும் பெருமரக்கலத்துக்கு ஒரு வகைப் பெயர் என்பதும், நாளாகம ஆசிரியர் அதனை ஊர்ப் பெயராகக் கொண்டுவிட்டார் என்பதும் இதனால் புலனாகும். யாழ்ப்பாணத்தில் கட்டப்படாத வள்ளத்தையும் யாழ்ப்பாண வள்ளம் என்று சொன்னால் எப்படியோ, அப்படி. தர்ஷீஸ் என்னும் நாடு மத்தியதரைக் கடலின் மேற்கே, ஸ்பெயின் பக்கமாக இருந்தது என்பதே அறிஞர் பலரின் துணிபு. காலித் துறைக்கு இவ்வழக்கில் இடமில்லை.

ஓப்பீரும் அவ்வாறே. அப்பெயருடைய நாடு ஒன்று மெய்யாகவே இருந்தது என்பதற்கு, இஸ்ரேலின் கடற்கரையில் தெல் கசீலே என்னுமிடத்தில் கிடைத்த பானையோடு சான்றாகின்றது. ஓப்பீரின் பொன் 30 சேக்கல் என்று அதில் எழுதியிருக்கின்றது, கி.மு. 8ஆம் நூற்றாண்டு எழுத்து அது. ஆனால் அந்நாடு அரபிக் கரையா, ஆபிரிக்கக் கரையா, இந்தியக் கரையா என்பது தீராத வழக்கு.

இனி, துக்கியோடு கூட இந்தியச் சொற்கள் என்று அந்நாளில் வரிசைப்படுத்தப்பட்ட ஏனையவற்றைப் பார்த்தல் வேண்டும். குரங்கைக் குறிக்கும் கோஃப் என்னும் எபிரேயச் சொல் கபி என்பதன் திரிபு என்றனர். பழைய எகிப்து மொழியிலேயே குரங்கின் பெயர் அதற்கு மிக அண்மையான ஒலியுடன் வழங்கிற்று என்பது பின்னர்த் தெரியவந்தது; அயல் நாட்டுச் சொல் இருக்க இந்தியா வரை செல்வானேன்? தந்தத்தின் பெயரான ஷென்ஹப்பீம் என்பதில் ஷென் என்பது பல். எஞ்சிய பகுதிக்கு இபம் மூலமென்றனர். யானைக்குரிய எகிப்தியச் சொல்லே அதற்கும் ஒத்துப்போகின்றது. அல்முக் என்னும் மரத்தைச் சந்தனம் என்று கொண்டு அதற்கும் வடமொழி மூலம் காட்டினர். அந்த மரத்தை லீபனோனிலிருந்து அனுப்பும்படி சாலொமோன் ஈராமைக் கேட்டதாக நாளாகமமே கூறுகின்றது. சிரியக் கரையில் உகாரித் நகரின் பழைய ஏடுகளிலும் அம்மரப் பெயர் காணப்படுகின்றது. சந்தனம் லீபனோனில் வளராது. ஆகவே அதுவும் வீழ்ந்தது.

அகிலின் நிலை சற்று வேறு. உன்னதப்பாட்டிலும் சங்கீதத்திலும் நறுமணப் பொருள்களின் வரிசையில் அஹாலோத் என்னும் பெயர் வருகின்றது. இதனைத் தமிழ் அகிலோடும் வடமொழி அகருவோடும் இணைப்பர். பொருளும் பொருந்தும், ஒலியும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எண்ணாகமத்தில் அப்பெயர் நட்டு வளர்ந்து நிற்கும் மரங்களுக்கு உவமையாக வருகின்றது. பாலஸ்தீனத்தார் கண்டறியாத அகில் மரத்தை உவமை கூறுவரோ என்னும் வினா எழுதல் இயல்பு. தமிழிலிருந்து நேரே சென்றதா, வேறு வாய்கள் வழியாகச் சென்றதா என்பதும் துணியப்படவில்லை. இஞ்சியைப் பற்றி இத்துணை ஐயம் இல்லை. இஞ்சிவேர் என்னும் திராவிடச் சொல் பாளியில் சிங்கிவேரம் ஆகி, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் ஆகி, யூத அறிஞரின் தல்மூத் நூலில் சங்வில் என்று வந்து சேர்ந்தது. இந்தியரிடமிருந்து வரும் இஞ்சிப் பாகை உண்ணலாமா, உண்ணுமுன் எந்த வாழ்த்தைக் கூறுவது என்றுகூட அந்நூல் ஆராய்கின்றது. ஆனால் அது பிற்காலச் செய்தி.

இங்ஙனம் ஒவ்வொன்றாக உதிர்ந்தும் ஒதுங்கியும் போக, நின்றது துக்கி ஒன்றே.

அதற்கும் எதிர்ப்பு எழாமல் இல்லை. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஆல்பிரைட், கோஃப் எகிப்தியச் சொல்லாயின் அதனோடு இணைந்து நிற்கும் துக்கியும் எகிப்தியச் சொல்லே என்று கருதினார். எகிப்து மொழியில் குரங்கினத்துக்குரிய வேறொரு பெயரின் பெண்பால் வடிவத்தை அதற்கு மூலமாகக் காட்டினார். அவர் கருத்தின்படி சாலொமோனின் கப்பலில் மயிலே இல்லை. இருவகைக் குரங்குகளே இருந்தன. இதனைப் பின்பற்றிச் சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் மயிலை நீக்கி, ஆபிரிக்காவில் வாழும் பபூன் குரங்கை அவ்விடத்தில் வைத்துள்ளன. எளிதில் தள்ளத்தக்க கருத்து அன்று இது. அந்தக் கப்பல்கள் செங்கடலோடு நின்றுவிட்டன என்று கொண்டால், பொன்னும் தந்தமும் குரங்கும் ஆகிய எல்லாம் ஆபிரிக்கக் கரையிலேயே கிடைக்கும்; இந்தியாவுக்கு வர வேண்டிய தேவையே இராது.

தோகையின் பக்கத்தில் நிற்கும் நியாயங்கள் எவை? முதலாவது, முன்னர்க் கூறிய வாவ் எழுத்து. தகரத்தை அடுத்து இதழ் குவிந்த உயிர், அதனை அடுத்துக் ககரம் என்னும் அமைப்பு தோகையோடு இயல்பாகப் பொருந்துகின்றது. இரண்டாவது, ககரத்தின் இரட்டிப்பு. எபிரேய மரபில் உயிரை அடுத்து வரும் ஒற்றைக் ககரம் உரசி ஒலிக்கும். இரட்டித்தால் மட்டுமே வல்லோசையாக நிற்கும். இன்று தமிழர் வாயில் தோகையின் ககரம் மெலிந்து கேட்பினும், எழுத்து ககரமே. அந்நாளைய வல்லோசையை யூதர் இரட்டித்துக் காத்தனர் என்று கொள்ளலாம். இறுதி ஐகாரம் இகரமாகிவிட்டது ஒரு குறைதான். பிறமொழிச் சொல் தன் மொழியின் அச்சில் விழும்போது ஈறு தேய்தல் எங்கும் காணப்படுவது. மூன்றாவது, யூதருள்ளேயே அரமேயத்தில் பெயர்த்தோர் மயில் என்று பொருள் கொண்ட மரபு. எகிப்துக் குரங்கை அவர்கள் நினைக்கவும் இல்லை.

தெலுங்கில் தோக என்பது எந்த விலங்கின் வாலுக்கும் பெயர். கன்னடத்தில் தோகெ என்பதும் வாலைக் குறிக்கும். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மயிலையே நினைப்பது தமிழும் மலையாளமும் வழங்கும் தென்கோடியில்தான். ஆதலால் துக்கி திராவிடச் சொல்லாயின், அது தென்கோடியின் வாயிலிருந்து பிறந்த சொல் என்று கொள்வதில் தவறில்லை.

மயில் என்னும் எளிய பெயர் இருக்க, வணிகர் ஏன் தோகையைக் கொண்டுபோயினர் என்று ஒருவர் கேட்கலாம். மிக நல்ல கேள்வி. சாலொமோனின் கப்பல் மூன்றாண்டு சுற்றி வரும். உயிருள்ள பறவையை அத்தனை காலம் தானியமிட்டுக் காப்பதிலும், பீலியைக் கட்டுக்கட்டாக ஏற்றுவது எளிது. இடமும் குறைவு, சாவும் இல்லை. துறையிலே விற்றவன் தோகை, தோகை என்று கூவியிருப்பான். வாங்கியவன் அதனையே பண்டத்தின் பெயராகக் கொண்டிருப்பான். குளிருக்கு நடுங்குகின்றதென்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் பிறந்த நாட்டிலும், சந்தையில் விலைபோனது தோகைதான் போலும். இஃது ஊகமே, ஆயினும் மேடைகளில் கேட்கப்படும் ஊகங்கள் பலவற்றினும் எளியது.

கப்பல் நேரே தமிழ்க் கரைக்கு வந்திருத்தல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாவேரு ஜாதகம் என்னும் பௌத்தக் கதையில், இந்திய வணிகர் பறவைகளே இல்லாத பாவேரு நாட்டுக்கு முதலில் ஒரு காக்கையைக் கொண்டுபோய் விற்றனர். அந்நாட்டார் அதனை அதிசயமாகப் போற்றினர். அடுத்த முறை ஒரு மயிலைக் கொண்டுபோனார்கள். காக்கையைத் திரும்பிப் பார்ப்பார் இல்லையாயிற்று. பாவேரு என்பது பாபிலோன். இந்நாட்டு விகாரைகளில் இன்றும் சொல்லப்படும் ஜாதகக் கதைகளுள் ஒன்று அது. மயில் மேற்கே சென்ற வழி வணிகரின் கைமாற்று வழியே என்பதை அக்கதை நன்கு உணர்த்தும். கையிலிருந்து கைக்குப் பண்டம் மாறும்பொழுது, வாயிலிருந்து வாய்க்குப் பெயரும் மாறிச் செல்லும். மன்னாரை அடுத்த மாந்தையில் 1980களில் நிகழ்ந்த அகழாய்வுகள் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த பண்டங்களை வெளிப்படுத்தின. அவை சாலொமோனுக்கு மிகவும் பிற்பட்ட காலத்தன. அவற்றைக் கொண்டு துக்கியை நிறுவ முயல்வது தவறு.

எழுத்துச் சான்றின் காலத்தையும் ஒப்பிடுதல் நன்று. தமிழ்ப் பிராமிக் குகைக் கல்வெட்டுகளின் தொடக்கம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் அல்லது 2ஆம் நூற்றாண்டு என்பர். கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கு உரியன என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. அக்காலக் கணிப்பை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஏற்றுக்கொண்டாலும், அவை இராஜாக்களின் புத்தகம் நிறைவுற்ற காலத்தோடு ஒத்து நிற்குமேயன்றி மிக முந்தியன ஆகா. தமிழர் தம் மொழியை எழுதத் தொடங்கிய காலத்திலோ, அதற்கும் முன்னரோ, தமிழ்ச் சொல் ஒன்றை யூதர் எழுதிவைத்திருக்கக்கூடும் என்பதே இதன் வியப்பு.

யூதரிடத்தில் அச்சொல்லின் பிற்கால வாழ்வும் சுவையுடையது. கிரேக்கர் மயிலை தாவோஸ் என்றனர். அப்பெயரும் கீழ்நாட்டுச் சொல் ஒன்றின் சிதைவே, ஒருவேளை அதுவும் தோகையே என்று கருதுவோர் உளர். அது பாரசீகத்திலும் அரபியிலும் தாவூஸ் என வழங்குகின்றது; முஸ்லிம் நேயர்கள் அச்சொல்லை அறிவர். அரமேயத்தின் வழியே யூதரிடமும் அது தவாஸ் என்று வந்து சேர்ந்தது. தவாஸ் என்னும் பறவை வெண்துளி ஒன்றிலிருந்தே தோன்றி 365 வகை நிறம் பெறுகின்றது என்று யூத மரபுரை ஒன்று வியந்து கூறுகின்றது. இவ்வாறு புதிய பெயர் மயிலின் மேல் நிலைத்தவுடன் பழைய துக்கி வேலையற்று நின்றது. இன்று இஸ்ரேலில் வழங்கும் எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி! மயில் தவாஸ்தான். டெல் அவிவ் நகரின் பறவைக் கடையில் துக்கி வேண்டும் என்று கேட்கும் ஒருவர் கைக்குக் கூண்டுக் கிளியே வரும்.

பறவைப் பெயர்கள் இவ்வாறு கொம்பு விட்டுக் கொம்பு தாவுவது புதிதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழிக்கு எபிரேயத்தில் இந்தியச் சேவல் என்று பெயர். இந்தியாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஊர்ப் பெயர்களின் கதையும் இதுவே. முள்ளி அடர்ந்த ஒரு நீரோட்டத்தைக் குறிப்பது முள்ளிவாய்க்கால் என்னும் சொல்லின் நேர்ப்பொருள். 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தொலைநாட்டார் அப்பெயரைக் கேட்கும்பொழுது அவர் உள்ளத்தில் எழுவது முள்ளியும் அன்று, வாய்க்காலும் அன்று. சொல்லைப் பிறப்பித்தவர் கையில் அதன் பொருள் நெடுங்காலம் நிற்பதில்லை.

தமிழ்ச் சொல் யூதரிடம் சென்றதுபோல, யூதப் பெயரும் தமிழ் எழுத்தில் ஏறியதுண்டு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் முயிரிக்கோட்டிலிருந்து வழங்கிய செப்பேடு, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணப் பதவியையும் 72 உரிமைகளையும் அளிக்கின்றது. அன்றைய மலைநாட்டுத் தமிழில், வட்டெழுத்தில், அவன் இசுப்பு இரப்பான் ஆகிவிட்டான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதத் தொழுகைக் கூடத்தில் அச்செப்பேடு போற்றிக் காக்கப்பட்டது. இலங்கையைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு: 12ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியல் ஆசிரியர் அல் இத்ரீசி, இத்தீவின் மன்னனுக்கு 16 அமைச்சர் இருந்தனர் என்றும், அவருள் நால்வர் யூதர் என்றும் எழுதினார்.

1968ஆம் ஆண்டு தை மாதத்தில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளார் முன்னின்று உருவாக்கிய தமிழாராய்ச்சி மன்றம் நடத்திய மாநாடு அது. அதில் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் காயிம் ராபின், தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் இருந்த வாணிகத்துக்கு எபிரேயக் கடன்சொற்கள் தரும் சான்றைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். 1973ஆம் ஆண்டில் உன்னதப்பாட்டையும் தமிழ் அகப்பாடல்களையும் ஒப்பிட்டு மேலும் ஒரு கட்டுரை எழுதினார். தமிழ்ப் பற்றினால் பேசியவர் அல்லர் அவர். எபிரேயத்தைத் தாய்வீடாகக் கொண்டவர். அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. எனினும் ஆல்பிரைட்டின் மறுப்பு அதனால் மறைந்துவிடவில்லை. இன்றைய எபிரேய அகராதிகளைத் திறந்தால் துக்கியின் எதிரே மயில் ஒருபுறமும் குரங்கு ஒருபுறமும் அருகருகே இருப்பதைக் காணலாம். தோகையின் பக்கம் தராசு சற்றே தாழ்ந்திருக்கின்றது என்று சொல்லலாம். அதற்குமேல் சொல்வது இன்றைய சான்றுக்கு மிகை.

யூத மறையைத் தமிழில் பெயர்த்தோர் அவ்விடத்துக்கு வந்தபொழுது செய்ததும் குறிக்கத்தக்கது. குரங்குகளையும் மயில்களையும் என்று எழுதினர். தேவாலயத்தில் இராஜாக்களின் புத்தகத்தை வாசிக்கக் கேட்கும் தமிழ்க் கிறித்தவர் செவியில் மயில் என்னும் சொல்லே விழுகின்றது. மூன்றாண்டுக் கப்பலில் ஏறிப் போன தோகை, எபிரேயத்தின் ஏட்டிலேயே இருந்துவிட்டது. தமிழ் ஏட்டுக்கு அது திரும்பி வரவில்லை.